கரண்ட் வந்ததும் சர்வர் எழ: பின்னணியில் ஓடும் எஃப்எஸ்சிகே

ஐப்பசி, கார்த்திகையில் திருநெல்வேலியில் இடி மழை பிடித்தால் கரண்ட் போவது வாடிக்கை. யூபிஎஸ் பேட்டரி கிழடாகியிருந்தால் சர்வரும் கூடவே விழும். டவுன் ரத வீதியில் ஒரு மொத்தக் கடை, பில் போடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வரில் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், கோப்பு முறையில் கோளாறு உண்டா என்று பார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) என்ற நிரல் டிஸ்க்கை ஐந்து கட்டங்களாகச் சரிபார்த்து முடித்தால்தான் லாகின் வரும். டிஸ்க் பெரிதாகி, கோப்புகளும் லட்சக்கணக்கில் இருந்தால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

2003 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0 இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தது. செய்தவர் நிரலாளர் கிர்க் மெக்கூசிக். அடித்தளம் சாஃப்ட் அப்டேட்ஸ், அதாவது டிஸ்க்கில் எழுதும் வரிசையில் ஒரு கண்டிப்பு. புதுக் கோப்பென்றால் ஐநோடு (கோப்பின் விவரக் குறிப்பு) முதலில், டைரக்டரியில் பெயர் பிறகு. அழிக்கும்போது பெயர் முதலில் போகும், ப்ளாக் (கோப்பின் தரவு இருக்கும் துண்டு) பிறகே விடுபடும். ஆகவே எந்த நொடியில் கரண்ட் போனாலும் மிஞ்சுவது இரண்டே கோளாறுதான்: யாருக்கும் சொந்தமில்லாத ப்ளாக்கோ ஐநோடோ 'பயன்பாட்டில்' என்று கிடக்கும், அல்லது லிங்க் எண்ணிக்கை (ஒரு கோப்புக்கு எத்தனை பெயர் என்ற கணக்கு) கூடுதலாக இருக்கும். ஆள் காலி செய்த லாட்ஜ் அறை பதிவேட்டில் இன்னும் நிரம்பியிருப்பதைப் போல. இடம் வீண்தான், ஆனால் ஒரே அறையை இருவருக்குக் கொடுத்த சண்டை வராது.

அதனால் சோதிக்காமலே டிஸ்க்கை மவுன்ட் செய்து, அதாவது பயன்பாட்டுக்கு இணைத்துவிடலாம். ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் பேக்கிரவுண்ட் எஃப்எஸ்சிகே 'யெஸ்' (YES) என்றிருந்தால், சிஸ்டம் எழுந்து 60 விநாடி (இதையும் மாற்றலாம்) கழித்து வேலை தொடங்கும். முதலில் டிஸ்க்கின் அந்த நேர நிலையை ஸ்னாப்ஷாட் எடுக்கும். அந்தச் சிறு நேரம் எழுதுதல் நிற்கும், பெரிய டிஸ்க்கில் பில் திரை உறைந்ததுபோலத் தெரிவது இதனால்தான். அசையாத அந்தப் பிம்பத்தை நிதானமாகப் படித்து, வீணாகக் கிடக்கும் ப்ளாக்குகளை விடுவிக்கும்படி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் சொல்லும். அதுவரை டிஸ்க்கில் காலி இடம் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

9.0 பதிப்பில் சாஃப்ட் அப்டேட்ஸோடு, மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலும் சேர்ந்தது. அந்தச் சிறு பதிவை மட்டும் படித்து சில விநாடியில் முடித்துவிடும் என்பதால் பின்னணிச் சோதனைக்கு வேலை குறைந்துவிட்டது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: டிஸ்க் 'எழுதிவிட்டேன்' என்றால் எழுதியிருக்க வேண்டும். தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொண்டே அப்படிச் சொல்லும் டிஸ்க்கிலும், செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) கெட்ட டிஸ்க்கிலும் வரிசை குலையும். எதிர்பாராத பிழை கண்ணில் பட்டால் பின்னணிச் சோதனை கைவிட்டு, அடுத்த பூட்டில் முழுச் சோதனை வேண்டும் என்று குறித்து வைக்கும். அது கண்டுபிடிப்பதற்குள் கர்னல் அந்தக் கெட்ட ப்ளாக்கைத் தொட்டால் பேனிக் (கர்னல் திணறி நின்றுவிடுவது), ரீபூட், மறுபடி பேனிக். இந்தச் சுழலில் சிக்கிய சர்வரைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய கெடுதல். பூட் மெனுவில் 2ஐ அழுத்தி, பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலையில் இறங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கை முதலில் நகலெடுத்துவிட்டு, 'எஃப்எஸ்சிகே -எஃப் -ஒய்' (fsck -f -y) கொடுங்கள். ஜர்னலை நம்பாமல் முழுதும் சோதிக்கும். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில், கெட்டதற்குப் பதிலாக மாற்றி ஒதுக்கிய செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கையே மாற்ற வேண்டியதுதான்.