தகரமும் வோல்ட்டும்: டெபெஷ் மோட் ஒலி செய்த விதம்

லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸில் பேசில்டன் என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம். 1980இல் அங்கிருந்து கிளம்பிய டெபெஷ் மோட் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, கிடாரையும் ஓரங்கட்டிவிட்டார்கள். வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர் மூவரும் ஆளுக்கொரு சிந்தசைசரோடு, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கீபோர்டு கருவியோடு, நிற்க, டேவ் கஹன் பாடினார். அந்த மலிவான கருவிகளில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆரம்பப் பாடல்களில் தனித்தனி மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதற்கு இந்த வசதிக் குறைவும் ஒரு காரணம்.

1981இல் முதல் ஆல்பம். மியூட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய டேனியல் மில்லர் தன்னுடைய ஆர்ப் 2600 சிந்தசைசரையும் அதற்குச் சுரங்களை வரிசையாக ஊட்டும் ஒரு சீக்வென்சரையும் கொண்டுவந்தார். அந்த சிந்தசைசரின் கணக்கு எளிது. 1 வோல்ட் கூட்டினால் அதிர்வெண் இரட்டிப்பாகும், அதாவது சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயிக்கு 12 சுரத்தானங்கள் என்பதால் அடுத்த படிக்குப் போக சுமார் 83 மில்லிவோல்ட் போதும். சீக்வென்சரில் 16 படிகள். ஒவ்வொரு படிக்கும் எத்தனை வோல்ட் என்று கையால் வைத்துவிட்டால், கருவி வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கை கொஞ்சம் பிசகினாலும் அபசுரம்தான்.

சரி, சுருதி வந்துவிட்டது. ஒலியின் தனித்தன்மை எங்கிருந்து வரும்? ரம்பப் பல் வடிவ அலை ஒன்றை 110 ஹெர்ட்ஸில் உண்டாக்கினால் 220, 330, 440 என்று அதன் மடங்குகள் எல்லாமே சேர்ந்து ஒலிக்கும். காதைக் குடையும் சத்தம். உயர்ந்த அதிர்வெண்களை ஃபில்டர் என்ற வடிகட்டி வெட்டும்போதுதான் அது கனத்த பேஸ் ஒலியாகவோ குழலாகவோ மாறுகிறது. ஃபில்டர் சட்டென்று திறந்து மூடினால் 'டுப்' என்று துள்ளும். அந்தக் காலத்து சிந்த்-பாப்பின், அதாவது சிந்தசைசர் பாப் இசையின், துள்ளலில் பாதி இந்த வித்தைதான்.

முதல் ஆல்பத்தோடு கிளார்க் விலகினார். பாட்டெழுதும் பொறுப்பு கோர் கைக்கு வந்தது. 1982இல் ஆலன் வைல்டர் சேர்ந்தார். என்னைக் கேட்டால், குழுவின் உண்மையான கதை இங்கேதான் தொடங்குகிறது. 1983 ஆல்பத்துக்காகக் கிழக்கு லண்டனில் கைவிடப்பட்ட இடங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் புகுந்து, தகரம், இரும்புக் குழாய் என்று அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பதிவு செய்தார்கள். பதிவானது மில்லரிடம் இருந்த சின்க்ளாவியர் என்ற சாம்ப்ளருக்குள், அதாவது ஒலியைச் சேமித்துக் கீபோர்டில் வாசிக்கவிடும் கருவிக்குள், போனது. அது ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 50,000 தடவை வரை அளந்து எண்களாக வைத்துக்கொள்ளும். நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலியைப் பிடிக்க முடியும். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ்; ஆக, தாராளம்.

இரும்பு ஏன் அவ்வளவு வேறு மாதிரி ஒலிக்கிறது? இசைக்கருவித் தந்தியில் அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் அதன் 1, 2, 3 என்று முழு மடங்குகளில் வரும். சீரான இரும்புக் கம்பியில் அவை ஏறக்குறைய 1, 2.76, 5.4 என்று தாறுமாறாக விழும். பள்ளிக்கூடங்களில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைப் போல, ஒலி இருக்கும், ஆனால் இன்ன சுரம் என்று பிடிபடாது. சாம்ப்ளரில் அதைக் கீபோர்டில் பரப்பினால் மெட்டு போட முடியும், ஆனாலும் அந்தக் கரகரப்பு போகாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாம்ப்ளர் சேமித்த எண்களைப் பாதி வேகத்தில் படித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஒலிக்கும் நேரம் இரட்டிப்பாகும். பெரிய பொருள்கள்தான் மெதுவாக அதிரும் என்று காதுக்குப் பழக்கம். அதனால் சின்னத் தகர டப்பாவைத் தட்டிய சத்தம் மாபெரும் தொட்டியை இடித்த மாதிரி கேட்கும்.

ஆல்பத்தை பெர்லின் சுவரின் பக்கத்தில் இருந்த ஹான்சா ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்தார்கள். ஒலிப் பொறியாளர் கேரத் ஜோன்ஸ் சிந்தசைசர் ஒலியை அங்கிருந்த பெரிய கூடத்தில் ஸ்பீக்கர் வழியாக அலற விட்டு, மைக்கால் திரும்பப் பிடித்தார். வயரிலிருந்து நேராக வரும் ஒலிக்குச் சுவர் கிடையாது. கூடத்தில் பட்டுத் திரும்பிய எதிரொலிகள்தான் அதற்கு ஓர் இடத்தைக் கொடுத்தன.

1989இல் மிலானில் 'பெர்சனல் ஜீசஸ்' பதிவு. இந்தப் பாட்டில் கிடார் துணிந்து முன்னால் வந்தது. அதில் தரையை மிதிப்பது போன்ற தாளம் வருகிறதே, அது இரண்டு மூன்று பேர் கருவிகள் வைக்கும் பயணப் பெட்டிகள் மேல் ஏறிக் குதித்த சத்தம். உள்ளே காலியாக இருக்கும் பலகைப் பெட்டி கனமாக அதிர்ந்து உடனே அடங்கும். எல்லாருடைய கால்களும் ஒரே கணத்தில் படாது. சில மில்லிநொடிகள் முன்னே பின்னே விழும். காது அதைத் தனித்தனி அடிகளாகப் பிரிக்காமல், தடித்த ஒரே அடியாகக் கேட்கும்.