கார்டைக் கழற்றிவிட்டு ஜெபம் பண்ணலாமா?

மணலி, மாதவரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உள்ள சின்னப் பட்டறைகளுக்குப் போய், தகட்டை அடித்து வடிவம் கொடுக்கிற பவர் பிரஸ், கிரைண்டர், ஹாய்ஸ்ட் எல்லாம் ஆளுக்கு ஆபத்தில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். நான் போகிற பட்டறைகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் கிறிஸ்தவர்கள். நானும் கிறிஸ்தவன்தான். புது மெஷின் வந்து இறங்கியதும் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி, முதல் பீஸை அடித்து, எல்லாருக்கும் ஸ்வீட் கொடுக்கிற வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். உழைக்கிற இடத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அடுத்த முறை போகும்போது, அதே மெஷினின் கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கிற கவசம், கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். கேட்டால், "அது இருந்தா பீஸ் எடுக்க லேட்டாவுது சார். ஜெபம் பண்ணித்தான் ஓட்டுறோம், ஆண்டவர் பாத்துப்பார்" என்பார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

பேனல் கதவில் 91ஆம் சங்கீதத்தின் வசனம் ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். உன் பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்று ஆறுதல் சொல்கிற சங்கீதம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இதே வசனம் யார் வாயிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் திறந்து பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதித்துப் பாரும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று பிசாசுதான் அதைச் சொல்கிறான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது இயேசுவின் பதில். அவர் குதிக்கவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு வசனத்தை ஒட்டுகிறவர், தன்னிடம் கூலிக்கு வந்த பிள்ளையை அந்த உப்பரிகையில் ஏற்றி நிறுத்துகிறார். குதிக்கப்போவது அவர் இல்லை, அந்தப் பிள்ளை.

வேதத்தில் பாதுகாப்பைப் பற்றி நேரடியாகவே பேசுகிற இடங்கள் உண்டு. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் என்று இருக்கிறது. மாடிக்கு ஏறுகிறவன் கவனமாக இருக்கட்டும் என்று அங்கே சொல்லவில்லை. வீட்டுக்காரனைப் பார்த்து, சுவர் எழுப்பு என்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போடச் சொன்னதும் இதையேதான். யாத்திராகமம் 21இல் இன்னொன்று உண்டு. மாடு முட்டும் பழக்கமுள்ளது என்று உரிமையாளருக்கு முன்பே எச்சரித்தும் அவன் கட்டி வைக்கவில்லை, அது ஒருவரைக் கொன்றுவிட்டது என்றால் அந்தச் சாவு அவன் கணக்கில் எழுதப்படும்.

முட்டுகிற மாடுகள் நம் பட்டறைகளில் நிறையவே நிற்கின்றன. பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் கீ தேய்ந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் லைனிங் போய்விட்டாலோ, பெடலை ஒருமுறை மிதித்தால் மேலிருந்து அடிக்கிற ராம் இரண்டாவது முறையும் தானாக இறங்கும். இதை ரெண்டாவது அடி என்பார்கள். முதல் அடி முடிந்தது என்று பீஸை எடுக்கக் கை உள்ளே போகும் நேரம் அது. "எப்பவாவது ஒரு தடவை அப்படி அடிக்கும் சார்" என்று ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டாரென்றால், நான் அந்த மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவேன். ஒருமுறை அடித்தது என்று தெரிந்த பிறகு அது விபத்து இல்லை.

சரி, மெஷினின் கோளாறு இது. மனுஷனின் கோளாறு?

சில வருடங்களுக்கு முன் மணலிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில், புதிதாகச் சேர்ந்த ஹெல்பர் பையனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஏர் கிளட்ச் பிரஸ், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்திருந்தார். ஒரு கையால் அடித்துக்கொண்டே மற்ற கையால் அடுத்த தகடு எடுக்கலாம் என்று. டையில், அதாவது தகட்டை வைத்து அடிக்கிற அச்சில், சிக்கிய பீஸை எடுக்கப் பையன் பக்கத்திலிருந்து கை நீட்டியதை அவர் பார்க்கவில்லை.

நான் போனபோது தீர்ப்பு ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. கட்டையைச் செருகியவன் ஆபரேட்டர், அவனை வேலையை விட்டு அனுப்பியாயிற்று, விஷயம் முடிந்தது. நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சாதாரணமானவை. கட்டை எத்தனை நாளாக இருக்கிறது? மாதக்கணக்காக. சூப்பர்வைசர் பார்த்தாரா? தினமும். ஏன் செருகினார்? பீஸ் ரேட், அடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு ஷிப்டுக்குக் குறித்த எண்ணிக்கையை இரண்டு பட்டனையும் அழுத்தி எட்ட முடியாது. அந்த எண்ணிக்கையை யார் குறித்தது? முதலாளி. ஒரு பட்டன் அழுந்தியே இருந்தால் மெஷின் ஓடவே கூடாதே, எப்படி ஓடியது? அப்படி ஓடவிடாமல் தடுக்கிற ரிலே என்ற மின்சுவிட்ச் பழுதானபோது, ஆர்டர் அவசரத்தில் எலக்ட்ரீஷியன் அதை ஷார்ட் பண்ணிவிட்டுப் போனார், திரும்பி யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றார்கள். ஒருவருமே பையனின் விரல் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7இல் பவுல் எழுதியது எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்ததைவிட, இப்படிப்பட்ட விசாரணைகளில் நன்றாகப் புரிந்திருக்கிறது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒழுங்கான இரட்டைப் பட்டன் சர்க்யூட்டில் இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டையும் விட வேண்டும். கட்டை செருகினால் மெஷின் அப்படியே நிற்கும். இதை வடிவமைத்தவர், மனுஷன் களைத்துப்போவான், அவசரப்படுவான், ஏமாற்றவும் பார்ப்பான் என்று தெரிந்தே வடிவமைத்திருக்கிறார். மனுஷன் விழுந்துபோன நிலையில் இருக்கிறான் என்று நம்புகிற நாம் அல்லவா இந்த சர்க்யூட்டை முதலில் பொருத்தியிருக்க வேண்டும்? "நம்ம பசங்க நல்ல பசங்க, தப்பு பண்ண மாட்டாங்க" என்று சொல்லி மெஷின் வாங்குகிற முதலாளியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை மெஷினின் கதையை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்திய மெஷின் அது. சிலர் இறந்தார்கள். பழைய மாடலில் இருந்த மின்சார, இயந்திரத் தடுப்புகளை எடுத்துவிட்டு, பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள். மென்பொருளில் பிழை இருந்தது. அளவுக்கு மீறிக் கொடுக்க இந்த மெஷினால் முடியவே முடியாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் பதில் வந்துகொண்டிருந்தது. 1986இல் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் இரண்டாவது நோயாளியும் பாதிக்கப்பட்டபோது, அங்கிருந்த இயற்பியலாளரும் மெஷினை இயக்கிய பெண்மணியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தான் எந்த வரிசையில், எவ்வளவு வேகமாகத் தட்டினேன் என்பதை அவர் நினைவுபடுத்தித் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அவரை முதல் நாளே குற்றவாளி ஆக்கி அனுப்பியிருந்தால், அந்த உண்மையும் அவரோடு போயிருக்கும்.

மணலிப் பட்டறை முதலாளி ஒரு சபையில் மூப்பர். அவரிடம் நான் பிரசங்கம் பண்ணவில்லை, கண்டதை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து எல்லாத் தொழிலாளர்களையும் கூட்டி, வெளியே அனுப்பிய ஆபரேட்டரையும் வரவழைத்து, "எண்ணிக்கையை வச்சது நான். கட்டையை நானும் பாத்திருக்கேன், பேசாம போயிருக்கேன்" என்று அவரே முதலில் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. எந்த மெஷினில் எந்த சென்சாரை ஏமாற்றி ஓட்டுகிறார்கள், எந்த கிரைண்டருக்குக் கார்டு இல்லை, எந்த பிரஸ் ரெண்டாவது அடி அடிக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எந்த ஆய்விலும் எனக்குக் கிடைக்காத பட்டியல் அது.

இரட்சிப்பு, மன்னிப்பு என்று சொன்னவுடன் விட்டுவிடுவது, மறந்துவிடுவது என்று நினைக்கிறோம். லூக்கா 19இல் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு அப்படி நினைக்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று அதற்குப் பிறகுதான் இயேசு சொல்கிறார். பேதுருவுக்கும் சும்மா முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. மூன்றுமுறை மறுதலித்தவனிடம் மூன்றுமுறை கேட்டு, ஆடுகளை மேய்க்கிற பொறுப்பைக் கொடுத்தார். ராயபுரத்தில் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பிய தேவாலயத்துக்கு அந்தப் பேதுருவின் பெயர்தான் இருக்கிறது. அந்த ஆபரேட்டரும் வேலைக்குத் திரும்பினார். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, டையில் கை வைக்கும் முன் மெயினை இறக்கிப் பூட்டு போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார். பீஸ் ரேட்டை முதலாளி எடுத்துவிட்டார். ரிலேயை மாற்றினார்.

பையனின் விரல்கள் திரும்பவில்லை. இதை யாரும் அழகுபடுத்திப் பேசக் கூடாது. இழப்பீட்டு அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரல் 12, கட்டைவிரல் 30 என்று உழைப்புத்திறன் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்காவது அவனுக்குக் கிடைக்க, விபத்து நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு. "வீட்டு கேட்ல நசுங்கிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லுடா தம்பி, செலவ நான் பாத்துக்கிறேன்" என்று முதலாளி சொல்வார். பையனும் நன்றியோடு அப்படியே சொல்வான். முதல் மாதச் செலவை அவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு வரும் வருடங்களுக்கு ஒரு காகிதமும் இருக்காது. மருத்துவமனையில் எழுதியது வீட்டு விபத்து என்றால், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டின் ஊனப் பலனைக் கேட்டு நிற்பது பெரும்பாடு.

பாஸ்டர்களுக்கும் குருக்களுக்கும் என் வேண்டுகோள் இங்கேதான். அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு நீங்கள் ஜெபம் பண்ணப் போகிறீர்கள், போக வேண்டும். அடிபட்டவனிடம் "என்ன பாவம் செய்தாயோ" என்கிற பேச்சு வேண்டாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று லூக்கா 13இல் இயேசுவே சொல்லிவிட்டார். ஜெபம் முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டரிடம் எங்கே அடிபட்டதாகச் சொன்னாய்? இஎஸ்ஐ அட்டை உண்டா? முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா? தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அது போயிருக்க வேண்டும். அட்டை இல்லாதவருக்கும் சட்டப்படி இழப்பீடு கேட்க வழி உண்டு, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அவரோடு யாராவது போக வேண்டும். முதலாளி உங்கள் சபைக்காரராகவே இருந்தால், அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் அந்த அறிக்கையை எழுத வையுங்கள்.