வியர்க்க முடியாத சுவர்

ஸ்காட்லாந்தில் ஒரு முழு வீட்டையே எஃகு வலைக் கூண்டுக்குள் நிற்க வைத்திருக்கும் படத்தை அனுப்பி, ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மழையிலிருந்து காப்பாற்றத்தான் கூண்டு என்கிறார்கள். வலை என்றால் ஓட்டை இருக்குமே, மழை உள்ளே வராதா? அப்படியே மூடுவதானால் கண்ணாடியாலோ தகரத்தாலோ மூடியிருக்கலாமே?"

ஓட்டை இருப்பதுதான் அந்தக் கூண்டின் உயிர். ஏன் என்று புரிய, அந்த வீட்டுச் சுவருக்குள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீர் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

வீட்டின் பெயர் ஹில் ஹவுஸ். கிளாஸ்கோவுக்கு வடமேற்கே, கிளைடு முகத்துவாரத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் ஹெலன்ஸ்பரோ என்ற ஊரில் உள்ளது. வடிவமைத்தவர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ். 1868இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1884இல் ஜான் ஹட்சிசனிடம் தொழில் பழகச் சேர்ந்து, 1889இல் ஹனிமேன் அண்ட் கெப்பி நிறுவனத்துக்கு வரைவாளராகப் போனவர். மாலை வகுப்புகளில் படித்த கிளாஸ்கோ கலைப்பள்ளிக்கே பிறகு புதுக் கட்டடம் வரைந்தார். 1897இல் தொடங்கிய அந்த வேலை இரண்டு கட்டமாக நடந்து 1909இல் முடிந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் நிறுவனத்தை விட்டு விலகினார். அதன் பிறகு கட்டட வேலைகள் அதிகம் வரவில்லை. தெற்குப் பிரான்ஸில் சில ஆண்டுகள் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்துவிட்டு, 1928இல் லண்டனில் இறந்தார்.

ஹில் ஹவுஸ் 1902–04இல் எழுந்தது. கட்டச் சொன்னவர் வால்டர் பிளாக்கி என்ற பதிப்பாளர். செங்கல்லும் மரமும் வெளியே தெரியும் வீடு வேண்டாம். சாம்பல் நிறச் சொரசொரப்புப் பூச்சும் சிலேட்டுக் கூரையும் போதும் என்பது அவர் விருப்பம். மெக்கின்டாஷுக்கும் அது மனதுக்குப் பிடித்த வேலை. ஸ்காட்லாந்தின் பழைய கோட்டை வீடுகளைப் பற்றி 1891இலேயே, 22 வயதில், உரை நிகழ்த்தியவர் அவர். அந்தக் கோட்டைகளின் மேல்தோல் 'ஹார்லிங்' எனப்படும் பூச்சு. சுண்ணாம்புக் காரையில் பொடிக்கற்களைக் குழைத்து, கரண்டியில் அள்ளிச் சுவரில் வீசி அறைவார்கள். மட்டப்பலகை போட்டுத் தேய்ப்பதில்லை. வீசும் வேகத்திலேயே காரை கல்லின் இடுக்குகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். சொரசொரப்பால் வெளிப்பரப்பு கூடுவதால் ஈரம் ஆவியாக இடமும் அதிகம்.

மெக்கின்டாஷ் அந்தத் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த பொருளை மட்டும் மாற்றினார். சுண்ணாம்பு இருந்த இடத்துக்குப் போர்ட்லேண்ட் சிமெண்ட் வந்தது.

சுண்ணாம்பின் வேதியியல் பள்ளியில் படித்ததுதான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் நீறும். பூசிய பிறகு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். போர்ட்லேண்ட் சிமெண்ட் வேறு வகை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1450 டிகிரியில் சுட்டு அரைத்த பொடி அது. இறுகுவதற்குக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும். தண்ணீரோடு சேர்ந்து அது உண்டாக்கும் கூழ், துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பிக்கொண்டே போகும். சில நாட்களில் கெட்டியாகும், சுண்ணாம்பைவிடப் பல மடங்கு வலுவாகும். 1900களின் தொடக்கத்தில் ஒரு கட்டடக் கலைஞருக்கு அதைவிட நம்பிக்கையான பொருள் வேறு என்ன இருந்திருக்கும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல ஆசைப்படும் இடம் இதுதான்: தண்ணீருக்கும் நுண்துளைக்கும் உள்ள உறவு.

ஒரு மெல்லிய துளைக்குள் தண்ணீரை இழுப்பது பரப்பு இழுவிசை. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக இழுக்கும். 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் தண்ணீர் ஒன்றரை செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் 15 செ.மீ.; 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அடுத்த பாதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. துளை குறுகக் குறுக இழுவிசை கூடுகிறது, ஆனால் தண்ணீர் அதன் வழியே *நகர்வது* அதைவிட வேகமாகக் கடினமாகிறது. துளைகளின் மொத்தப் பரப்பு ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துளையின் ஆரமும் 50 மடங்கு குறைந்தால், இழுவிசை 50 மடங்கு கூடும். ஓட்டத்துக்கு வழிவிடும் தன்மை 2500 மடங்கு குறையும். கூட்டிக் கழித்தால் தண்ணீர் 50 மடங்கு மெதுவாக நகரும்.

சுண்ணாம்புப் பூச்சின் துளைகள் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவை ஒட்டியவை. நல்ல சிமெண்ட் பூச்சின் துளைகளோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு, இன்னும் குறைவாகக்கூட இருக்கும். ஆகவே சுண்ணாம்புச் சுவர் மழையில் நனையும், மறுக்க முடியாது. பூச்சு ஊறும், கொஞ்சம் ஆழம் வரை ஈரம் இறங்கும். மழை விட்டதும் அதே துளைகள் அந்த நீரை *நீராகவே* வெளிப்பரப்புக்குத் திரும்பக் கொண்டுவரும். பரப்பில் காற்று பட்டு அது ஆவியாகும். உடம்பு வியர்த்துக் காய்வதும் இப்படித்தான்: நீர் தோலின் மேல் வந்துவிட்டால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சிமெண்ட் பூச்சில் மழைநீர் எளிதில் ஊறாது. அது நல்லதுதானே என்று தோன்றும். பூச்சில் விரிசலே விழாவிட்டால் நல்லதுதான். ஆனால் சிமெண்ட் பூச்சு காயும்போது மீட்டருக்கு அரை முதல் ஒரு மி.மீ. வரை சுருங்கப் பார்க்கும். பின்னால் உள்ள சுவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க முடியாமல் விண்ணென்று இழுபட்டுக் கீறும். சுண்ணாம்பு மிருதுவானது, கட்டடம் அசைந்தால் தானும் சற்று வளைந்துகொடுக்கும். கீறினாலும், கரையக்கூடிய சுண்ணாம்பை மழைநீர் கரைத்துக் கொண்டுபோய்க் கீறலிலேயே படியவைக்கும். மெல்லிய விரிசல்கள் தானாக ஆறிவிடும். கெட்டியான சிமெண்ட் பூச்சில் கீறல் அநேகமாகக் கீறலாகவே நிற்கும்.

அப்படிப்பட்ட ஒரு விரிசலை அருகில் போய்ப் பாருங்கள். அகலம் 0.1 மி.மீ., தலைமுடியின் தடிமன். அட்லாண்டிக்கிலிருந்து காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மழையைச் சுவரில் அறைகிறது. அந்தக் காற்றின் அழுத்தம் இரண்டரை செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். விரிசலின் சொந்த இழுவையோ 15 செ.மீ. தண்ணீருக்குச் சமம். காற்று தள்ளுவதைவிட விரிசல் இழுப்பதுதான் அதிகம்! ஊறாத பூச்சு என்பதால் மழைநீர் முழுவதும் சுவரின் மேலே வழிந்து விரிசலின் வாய்க்கே வந்து சேருகிறது. சம பரப்பு, சம அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால், அந்த விரிசல் சிமெண்டின் நுண்துளைகளைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேல் எளிதாகத் தண்ணீரை விடும்.

உள்ளே போவது நீராக, விரிசல் வழியே, நிமிடக் கணக்கில். மழை விட்டதும் விரிசல் முதலில் காய்ந்துவிடும். நீர்த் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, பூச்சின் மொத்தத் தடிமனையும் மூலக்கூறு மூலக்கூறாகத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அதற்கு மாதக் கணக்காகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். போகும் வழி அகலம், வரும் வழி குறுகல்: ஹில் ஹவுஸின் நோய் இவ்வளவுதான்.

ரப்பர் கலந்த மழைக்கோட்டுத் துணிக்கு 1823இல் காப்புரிமை வாங்கியவரும் கிளாஸ்கோக்காரர்தான். பெயர் சார்ல்ஸ் மெக்கின்டாஷ். இவர் வேதியியலாளர், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது அடுத்த ஆண்டு, 1824இல். மழைக்கோட்டுக்குள் வியர்வை தங்கி உடம்பு நனைவதை எல்லாரும் அன்றே உணர்ந்தார்கள். சுவருக்கு அதைச் சொல்ல வாயில்லை.

பூச்சு மட்டும் குற்றவாளி அல்ல. பழைய கட்டடங்களில் சுவரின் தலையில் கல் மூடி இருக்கும். அது சுவரைத் தாண்டி 40 மி.மீ. போல வெளியே நீண்டிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் நீளவாக்கில் ஓடும். மூடியின் விளிம்பைத் தாண்டிய தண்ணீர் உடனே கீழே விழாது. பரப்பு இழுவிசையால் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சுவரை நோக்கித் தவழ்ந்து வரும். பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் மேல்நோக்கி ஏற முடியாமல் துளியாகத் திரண்டு சொட்டிவிடும். ஒரு விரல் அகலப் பள்ளம் சுவரையே காப்பாற்றுகிறது! மெக்கின்டாஷ் சுவர் ஒரே சதையில் செதுக்கியதுபோல் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் இந்த மூடிகளைத் தவிர்த்து, பூச்சையே சுவரின் தலைக்கு மேலும் போர்த்தினார். அழகுக்கு அது பொருந்தியது. ஆனால் மேல்நோக்கிக் கிடக்கும் பரப்பில் விழும் விரிசல், தண்ணீர் தேங்கும் வாய்.

உள்ளே தங்கும் ஈரம் பல வழிகளில் கெடுக்கும். உறையும்போது நீர் 9 விழுக்காடு விரியும். பூச்சுக்குப் பின்னால் தள்ளி அதைப் பொத்தென்று கழற்றிவிடும். தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனையில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மரம் உளுக்கும். வீட்டின் உள்ளே மெக்கின்டாஷும் அவர் மனைவி மார்கரெட் மெக்டொனால்டும் செய்த அலங்காரங்கள் இருக்கின்றன. வரவேற்பறைச் சுவரில் அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய ரோஜாக்களின் பின்னால் இருப்பதும் இதே சுவர்தான்.

1982இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வீட்டைப் பொறுப்பேற்றது. ஒட்டுப்போடும் வேலைகள் நடந்தன. சிமெண்டின் மேல் சிமெண்ட் ஒட்டு வைத்தால், ஒட்டின் விளிம்பே அடுத்த விரிசல். ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை நுண்ணலைக் கருவியால் பார்த்தார்கள். ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு வசப்படுகிறது என்பதைச் சொல்லும் எண் நீருக்குச் சுமார் 80, காய்ந்த கல்லுக்கு ஒற்றை இலக்கம்; அதனால் திரும்பி வரும் அலையிலேயே ஈரம் பளிச்சென்று தெரிந்துவிடும், சுவரில் துளை போட வேண்டியதில்லை.

இப்போது வாசகரின் கேள்வி. 2019இல் கார்மடி கிரோர்க் நிறுவனத்தின் வடிவமைப்பில் எழுந்த கூண்டுக்கு மேலே ஓட்டையில்லாத கூரை. பக்கங்களில் துருப்பிடிக்காத எஃகு வளையங்களைக் கோத்த வலை, போர்வீரனின் சங்கிலிக் கவசம்போல. வளையங்கள் 3 கோடிக்கும் மேல். கூரை நேர்மழையைத் தடுக்கிறது. சாய்ந்து வரும் துளி வலையில் மோதிச் சிதறுகிறது. பெரும்பகுதி கம்பியைப் பற்றிக்கொண்டு வழிந்து இறங்கிவிடுகிறது. நுழைவது சிறு தூவானம். காற்றோ தாராளமாக உள்ளே போய் வருகிறது.

கண்ணாடியால் அடைத்திருந்தால்? சுவர் விடும் ஆவி உள்ளேயே தங்கும். காற்று ஈரத்தால் நிறைந்ததும் உலர்வது நின்றுபோகும், பூஞ்சை பிடிக்கும். சூடேற்றி வேகமாக உலர்த்தினால்? கரைந்திருக்கும் உப்புகள் பரப்புக்கு அருகே படிகமாகிக் கல்லைப் பொரியச் செய்யும், மரவேலைகள் பிளக்கும். பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்களின் கைக்கணக்கு, மாதத்துக்குச் சுமார் 25 மி.மீ. தடிமன் காயும் என்பது. அதுவும் வெளிப்புறத்துக்குத்தான், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும், மேலே சிமெண்ட் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கூண்டு வேண்டியிருந்தது.

"கெட்டியாக இருந்தால் நல்லது" என்பது கட்டட வேலையில் ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். பூச்சு எப்போதும் சுவரைவிட மெலிவாக இருக்க வேண்டும். தேய வேண்டியது அதுதான், சுவர் அல்ல. நம் ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறினால் சிமெண்ட் பூசி, அதன் மேல் நீர்புகா வண்ணமும் அடிக்கிறோம். மறைந்த ஈரம் சிமெண்டுக்கு மேலே, இன்னும் ஓர் அடி உயரத்தில் தலைகாட்டும். அளந்து பார்த்தால் இயற்பியல் அதேதான். சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மையான மணல் மூன்று பங்கு, ஒரு முறைக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் பூசுங்கள். சில வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு முதலில் நீரில் கரைந்துதான் சுண்ணாம்போடு சேரும். அவசரமாகக் காய்ந்த பூச்சு விரலில் மாவாக உதிர்வது அதனால்தான். பயத்தில் ஒரு கரண்டி சிமெண்ட் சேர்க்காதீர்கள். அது நுண்துளைகளை அடைக்கும், வலுவும் வராது.

புதுப் பொருள் கண்டுபிடிக்கப் பணம் கிடைக்கிறது. ஒரு சுவர் பத்தாண்டுகளில் எப்படிக் காய்கிறது என்று உட்கார்ந்து அளப்பதற்குக் கிடைப்பது அரிது. மூன்றாண்டு ஆராய்ச்சித் திட்டத்துக்குள் இந்தச் சுவர்கள் அடங்குவதில்லை. ஹில் ஹவுஸின் கூண்டு இந்த வகையிலும் எனக்கு அருமையானது: ஒரு முழு வீடு, மழை நின்ற நிலையில், அளவுகோலின் கீழே நிற்கிறது.

கூண்டுக்குள் வீட்டைச் சுற்றியும் கூரைக்கு மேலேயும் நடைபாலங்கள் இருக்கின்றன. போகிறவர்கள் மேல்பாலத்தில் நின்று குனிந்து சுவர்த்தலைகளைப் பாருங்கள். மூடிக்கல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பூச்சு வளைந்து மறுபக்கம் இறங்கும். தண்ணீர் உள்ளே போன வழிகளில் அதுவும் ஒன்று.