வழக்கறிஞர் அல்லாதவர் கையெழுத்திட்ட மனு நீதிமன்றத்தில் செல்லுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா ஜவுளிக்கடைப் பையிலிருந்து நீதிமன்ற அறிவிப்பு ஒன்றை எடுத்து, வழக்கறிஞரான என் மேசையில் வைத்தார். அவர் வீட்டை ஜப்தி செய்து ஏலத்திற்குக் கொண்டுவரும்படி கேட்கும் நிறைவேற்று மனுவின் (தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் மனு) அறிவிப்பு அது. புரோநோட்டுக் கடன் வழக்கு ஒன்றில் பதினான்கு மாதங்களுக்கு முன்பே அவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு, அதாவது அவர் தரப்பைக் கேளாமலே வழங்கும் தீர்ப்பு, ஆகியிருந்தது. வழக்கின் சம்மன் வந்தபோது, நீதிமன்ற வாசலில் தேநீர்க் கடையருகே அமர்ந்திருந்த ஒருவரிடம் தாம் பணமும் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்ததாக அவர் சொன்னார். "கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாரு தம்பி. நானும் கையெழுத்துப் போட்டேன். பிறகு எப்படிச் செல்லாமப் போகும்?" என்பது அவர் கேள்வி.

மறுநாள் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டைப் பார்வையிட்டபோது விவரம் புரிந்தது. வக்காலத்தும் (வழக்கறிஞரை அமர்த்தும் பத்திரம்) எதிருரையும் (வழக்குக்கு எதிர்த்தரப்பு தரும் எழுத்துப் பதில்) தாக்கலாகியிருந்தன. அவற்றில் எழுதியிருந்த வழக்கறிஞர் பதிவெண்ணும் பெயரும் பொருந்தாததால், விளக்கத்துடன் மறுதாக்கல் செய்யும்படி குறிப்பு எழுதி அலுவலகம் இரண்டையும் திருப்பியிருந்தது. திருப்பிய காகிதத்தை எடுத்துச் சென்றவர் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் விசாரித்தபோது, அந்த எண் வேறு மாவட்டத்தில் தொழில் செய்யும் ஒருவருடையது என்று தெரிந்தது.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல, இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் கையெழுத்தே இல்லாத மனு வேறு; வழக்கறிஞர் அல்லாத ஒருவர் வழக்கறிஞர் என்று சொல்லிக் கையெழுத்திட்ட மனு வேறு. முதலாவது சட்டம் அனுமதிப்பது. இரண்டாவது குற்றம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதால், ஏமாற்றப்பட்டவர்களில் சிலர் தம் வழக்கே போய்விட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அதில் ஒன்றும் குறையில்லை என்று நம்பிக் காலக்கெடுவைக் கோட்டை விடுகிறார்கள்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 6, விதி 14-இல், ஒவ்வொரு வழக்குரையிலும் (வழக்குத் தொடுப்பவரின் மனு) எதிருரையிலும் தரப்பினரும், வழக்கறிஞர் இருந்தால் அவரும், கையெழுத்திட வேண்டும் என்கிறது. 'இருந்தால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தன் வழக்கைத் தானே நடத்துபவரின் மனுவில் எந்த வழக்கறிஞரின் கையெழுத்தும் தேவையில்லை. அதற்கடுத்த விதி 15, மனுவில் கண்டவை உண்மை என்ற உறுதியை மனுவின் கீழேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்வதோடு, அதற்கு ஆதரவான பிரமாணப் பத்திரத்தையும் கேட்கிறது. அந்தப் பொறுப்பும் பெரும்பாலும் தரப்பினருடையதே. அதாவது மனுவின் உயிர் தரப்பினரின் கையெழுத்தில் இருக்கிறது. வழக்கறிஞரின் கையெழுத்து, அதை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருபவர் யார் என்பதையும் அவர் அதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும் காட்டுகிறது.

அப்படிக் கொண்டுவரும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் சொல்கிறது. பிரிவு 29, பதிவு பெற்ற வழக்கறிஞர்களை மட்டுமே வழக்கறிஞர் தொழில் செய்ய உரிமையுள்ள ஒரே வகுப்பினராக ஏற்கிறது. சட்டம் வேறாகச் சொல்லும் இடங்கள் தவிர, மற்றவர் எவரும் நீதிமன்றத்தில் தொழில் செய்யக்கூடாது என்கிறது பிரிவு 33. மீறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை என்கிறது பிரிவு 45. நீதிமன்றம் விரும்பினால் ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் வழக்கறிஞர் அல்லாத ஒருவரைத் தோன்ற அனுமதிக்கலாம் என்று பிரிவு 32 வழிவிடுகிறது. ஆனால் அது நீதிமன்றத்தின் அனுமதியே தவிர, கேட்பவரின் உரிமை அன்று. வெளிநாட்டில் இருக்கும் மகன் தந்தைக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், தந்தை மனுவில் கையெழுத்திடலாம், தாக்கல் செய்யலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டி எழுந்து நின்று வாதிட வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தெளிவாக்கியது.

போலி ஒருவர் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்துவிட்ட மனுவின் கதி என்ன? இதில் நமக்கு மிக நெருக்கமாக உதவுவது, வக்காலத்து இல்லாமல் தாக்கலான மேல்முறையீடு பற்றி உச்ச நீதிமன்றம் 2005-இல் வழங்கிய உதய் சங்கர் திரியார் வழக்கின் தீர்ப்பு. கையெழுத்து, உறுதி, வக்காலத்து போன்றவற்றில் உள்ள குறைகள் நடைமுறைக் குறைகள். அவற்றைச் சரிசெய்ய வாய்ப்புத் தராமல் மனுவைத் தள்ளக்கூடாது என்பது அதன் சாரம். அதே தீர்ப்பு விதிவிலக்குகளையும் சொல்கிறது: குறைக்கு இன்ன விளைவு என்று சட்டமே சொல்லியிருந்தாலும், சுட்டிக்காட்டி வாய்ப்புத் தந்த பின்னும் சரிசெய்யாவிட்டாலும், வேண்டுமென்றே செய்த குறையாக இருந்தாலும், தரப்பினருக்குத் தெரியாமலும் அவர் அதிகாரம் தராமலும் தாக்கலாகியிருந்தாலும் அந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே உங்கள் விருப்பப்படி, உங்கள் கையெழுத்தோடு தாக்கலான மனுவை, புதிய வக்காலத்துடன் வேறு வழக்கறிஞர் ஏற்று நடத்தும்படி நிமிர்த்திவிட வழி உண்டு என்பதே என் கருத்து. உங்களுக்குத் தெரியாமல் தாக்கலானது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தெரியாது என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவின் வழக்கில் எதிருரை செல்லாதது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. திருப்பியதைச் சரிசெய்து மறுதாக்கல் செய்ய ஆளில்லாமல் போனதுதான் அவரை வீழ்த்தியது. எதிருரைக்குச் சட்டம் தரும் நாள் முப்பது, நீட்டித்தால் தொண்ணூறு. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கு, சம்மன் முறையாக அவர் கையில் சேர்க்கப்பட்டிருந்தால், தீர்ப்பாணையின் (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் ஆணை) தேதியிலிருந்து முப்பது நாள். போலியின் கையெழுத்தைக் காட்டிலும் அந்தக் கையெழுத்தை நம்பி நாம் சும்மா இருக்கும் நாட்களே ஆபத்தானவை.

இன்னோர் ஆபத்தான இடம் சமரச மனு. மற்ற மனுக்களில் வழக்கறிஞரின் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்குத் துணையாக நிற்கிறது. இங்கே அது உங்கள் கையெழுத்துக்குப் பதிலாகவே நிற்கக்கூடும். ஆணை 23, விதி 3, சமரசம் எழுத்தில் தரப்பினரால் கையெழுத்திடப்பட வேண்டும் என்கிறது. ஆனால் முறையாக அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் தரப்பினருக்காகக் கையெழுத்திட்டாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. வழக்கறிஞராகவே இல்லாத ஒருவருக்கு அந்த அதிகாரம் எப்படி வரும்? வராது. எனினும் அவர் போட்ட கையெழுத்தின் பேரில் தீர்ப்பாணை வெளிவந்துவிட்டால், அது தானாக மறைந்துவிடுவதில்லை. தனி வழக்குப் போட்டு அதை உடைக்கவும் விதி 3-அ தடை செய்கிறது. அந்தத் தீர்ப்பாணையை வழங்கிய அதே நீதிமன்றத்திற்குச் சென்று, சமரசமே நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். வெற்று வக்காலத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

குற்ற வழக்கில் நிலைமை இன்னும் கனமானது. விருப்பமான வழக்கறிஞரைக் கொண்டு எதிர்வாதம் செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவும் தரும் உரிமை. போலி ஒருவர் எதிர்வாதம் செய்திருந்தால் அந்தக் காரணத்தினாலேயே தண்டனை ரத்தாகிவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் விசாரணை நியாயமாக நடந்ததா என்ற கேள்வியை மேல்முறையீட்டில் எழுப்ப அது வலுவான காரணம்.

எல்லாக் காகிதத்திற்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கைதான். காசோலை திரும்பிய வழக்கில் அனுப்ப வேண்டிய அறிவிப்பை, வங்கியின் தகவல் கிடைத்த முப்பது நாட்களுக்குள் காசோலை பெற்றவரே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் அல்லாத முகவரும் தோன்றலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிற்சங்க நிர்வாகி தொழிலாளிக்காகத் தோன்றலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்கவே முடியாது. மறுபுறம், உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தால் மட்டும் போதாது. அங்கே தரப்பினருக்காகப் பதிவு வழக்கறிஞர் (அட்வகேட் ஆன் ரெக்கார்ட்) என்ற தகுதி பெற்றவரே தாக்கல் செய்ய முடியும். பத்திர எழுத்தர் எழுதும் கிரயப் பத்திரத்தை வைத்து, அவர் எழுதும் வழக்குரையும் அப்படியே செல்லும் என்று நினைத்து வருபவர்களையும் பார்க்கிறேன். அவருடைய உரிமம் பதிவு அலுவலக ஆவணங்களுக்கு மட்டுமே.

சரிபார்ப்பது கடினமன்று. தமிழ்நாட்டில் பதிவு செய்த வழக்கறிஞருக்கு எண்ணும் ஆண்டும் சேர்ந்த பதிவெண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரோடு பொருத்திப் பாருங்கள். எண் உண்மையாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் கேரளத்தின் ஆலப்புழையில் எழுந்த புகார், சட்டப் படிப்பை முடிக்காத ஒருவர் வேறொருவரின் பதிவெண்ணைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் தோன்றினார் என்பதுதான். வக்காலத்தில் வழக்கறிஞர் சேமநல நிதி வில்லை ஒட்டியிருப்பதும் சான்றாகாது. அந்த அம்மாவின் வக்காலத்திலும் அது ஒட்டியிருந்தது. வழக்கு எண்ணாகிவிட்டதும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட, அந்த வழக்குக்கே உரிய சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயருக்கு நேரே எந்த வழக்கறிஞரின் பெயர் இருக்கிறது, அடுத்த வாய்தா எந்த நாள் என்று நீங்களே பாருங்கள். தடை உத்தரவு வாங்கிவிட்டேன் என்று யாரேனும் நகல் காட்டினால், நீதிமன்ற முத்திரையும், நகலுக்கு விண்ணப்பித்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் ஆகியவற்றைக் குறிக்கும் அச்சும் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால், அந்த ஆளைத் தேடி அலைவதற்கு முன் வழக்கைக் காப்பாற்றுங்கள். வழக்குக் கட்டில் உள்ள வக்காலத்து, மனு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்று நகல்களுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். பதிவெண் அவருடையது அன்று என்பதற்குப் பார் கவுன்சிலின் கடிதத்தைப் பெறுங்கள். புதிய வக்காலத்தோடு, நடந்ததை நாள்வாரியாகச் சொல்லும் உங்கள் பிரமாணப் பத்திரத்தையும், காலம் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவால் தன் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களைத்தான் விசாரிக்க முடியும், பட்டியலிலேயே இல்லாதவரை அன்று.

அந்த அம்மாவுக்கும் இவ்வாறே செய்தோம். எதிர்த்தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. நீதிபதி பார் கவுன்சிலின் கடிதத்தை இருமுறை படித்தார். செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு தாமதத்தை மன்னித்து, பின்னர் ஒருதலைத் தீர்ப்பையும் நீக்கினார். புதிய எதிருரையை நான் தமிழில் வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா நடுவில் நிறுத்தி, வட்டி கட்டிய ஆண்டு ஒன்று தவறாக இருப்பதைச் சொன்னார். அதைத் திருத்தி அடித்த பிறகுதான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்.