பால்மரத்தில் வில் செய்யலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருவர் கையாலேயே வில் செய்யப் போகிறேன் என்று சொன்னால், எதிரே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பால்மரத்தில் செய்யலாமா? கேள்வியில் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் சீவிய ரப்பர் மரம் அது. பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்ட பிறகும், 25, 30 வயதில் மறுநடவுக்காக வெட்டப்படும் பால்மரங்கள் தளவாடப் பட்டறைகளுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. கட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது வில்லுக்கு ஆகுமா என்று சொல்வதற்கு முன், வளையும் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவரை நோக்கியிருக்கும் பக்கத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு ஒடுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நீளாமலும் ஒடுங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பது எளிய கணக்கு. 16 மில்லிமீட்டர் கனமுள்ள மரம் 80 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்தால், கனத்தில் பாதியை ஆரத்தால் வகுக்க வேண்டும்: 8 மில்லிமீட்டரை 800 மில்லிமீட்டரால் வகுத்தால் 1 சதவிகிதம். பெரும்பாலான மரங்கள் அந்த 1 சதவிகிதத்தை ஒட்டித்தான் கைவிடுகின்றன. முழுதாக இழுத்த ஒரு நல்ல வில் முறிவுக்கு மிக அருகில் நிற்கிறது.

கனத்தை 12 மில்லிமீட்டராகக் குறைத்தால் அந்த நீட்சி முக்கால் சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். அப்படியானால் மெலிதாகவே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் மரத்தின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல், கணக்காகச் சொன்னால் 27 சதவிகிதம், போய்விடும். அகலமோ நேர் விகிதத்தில்தான் வேலை செய்கிறது. அகலம் இரட்டித்தால் விறைப்பும் இரட்டிக்கும், அவ்வளவே. ஆகவே மெலிதாக்கியதில் இழந்த விறைப்பை அகலத்தால் மீட்கலாம். டென்மார்க்கின் ஹோல்மெகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையான எல்ம் மர வில் அகலமும் தட்டையுமாக இருப்பது இதனால்தான். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸில் இருந்த விற்களோ ஒடுங்கித் திரண்டவை. அவை யூ மரத்தால் ஆனவை. அதன் வைரப் பகுதி அழுத்தத்தைத் தாங்குவதில் தனித்திறம் கொண்டது. மரம் எதுவோ அதற்கேற்ற உருவம். எந்த மரத்திலும் யூ வில்லின் அளவைப் பின்பற்றப் பார்ப்பது வீண் வேலை.

மரம் நார் வழியாக இழுபடுவதைத் தாங்கும் அளவுக்கு நசுக்கப்படுவதைத் தாங்காது. பொதுவாக இழுவலிமை ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் நார் அறுபடாத முதுகு கொண்ட வில்லில் முதலில் தளர்வது வயிறுதான். அந்தத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். வில்லைச் சன்னல் ஓரம் கொண்டுபோய், ஒளி சாய்வாக விழும்படி வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நாரோட்டத்துக்குக் குறுக்கே தலைமுடி அளவில் ஒரு கோடு தெரிந்தால், அங்கே நார்கள் மடிந்து நொறுங்கிவிட்டன. நகத்தால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். உப்புத்தாள் போட்டால் கோடு மறையும். நொறுங்கிய நார் ஒட்டாது.

நம் ஊரில் இந்த நொறுங்கலுக்கு முதல் காரணம் ஈரம் என்பதே என் கருத்து. மரம் எப்போதும் காற்றோடு நீரைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். நம்முடைய 80 சதவிகித ஈரப்பதத்தில், எத்தனை காலம் நிழலில் காய வைத்தாலும் மரத்தின் எடையில் 15, 16 சதவிகிதம் நீர் தங்கிவிடும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. இந்த இடைவெளி சிறியதல்ல. ஈரம் ஒரு சதவிகிதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 2 சதவிகிதம்தான் குறையும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையோ 5, 6 சதவிகிதம் குறையும். அடி முழுக்க வயிற்றின் மேல்தான்.

வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. பலகையில் நீளமான ஒரு பெட்டி; உள்ளே வெப்பம் தரும் பழைய குமிழ் விளக்குகள்; மேலே சில துளைகள். விளக்கு மரத்தையோ பலகையையோ தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 27 பாகைக் காற்றை 38 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி மாறாமலேயே ஈரப்பதம் 80 சதவிகிதத்திலிருந்து 43 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்றுக்கு நீரை ஏற்கும் இடம் அதிகம். அந்தக் காற்றில் மரம் 8 சதவிகிதத்தை ஒட்டி வந்து நிற்கும். பச்சை மரத்தை நேரே உள்ளே வைத்தால் வெடித்துவிடும். முனைகளில் சாயம் பூசி, முதலில் நிழலில் காய வைத்த பிறகே பெட்டி. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் தயார்.

இனி பால்மரம். பட்டறைப் பால்மரம் சூளையில் காய்ந்தே வருவதால் ஈரத் தொல்லை பாதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் பலகைகள் பல, சிறு துண்டுகளை விரல்கோத்து ஒட்டியவை. இணைப்புக்கு இணைப்பு நார் அறுபட்டிருக்கும், வில்லுக்கு உதவாது. முழு மரத்தை வாங்கினாலும், பால் சீவிய பட்டைக்குக் கீழே கத்தி ஆழமாகப் பட்ட இடங்களில் மரம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கும். சாய்ந்து நின்ற மரமென்றால் மேல்பக்கத்தில் இழுவிறகு என்னும் வேறு வகை நார் சேர்ந்திருக்கும்; அதை அறுத்தால் பஞ்சு பஞ்சாகப் பிரியும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். நேரான நாரோட்டம் உள்ள ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, அகலமாகவும் மெலிதாகவும் இழைத்தால் சிறுவர்களுக்கான மெல்லிய வில் கிடைக்கும். வலுவாக இழுக்க வேண்டிய வில்லுக்கு வேண்டாம்.

அதற்கு என் தேர்வு, முதுகுக்கு மூங்கில், வயிற்றுக்குப் பழைய வீட்டுக் கதவிலோ சட்டத்திலோ இருந்து எடுத்த மெர்பாவ் என்னும் வன்மரம். மூங்கிலின் குறுக்குவெட்டை உற்றுப் பார்த்தால் நார்க்கட்டுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும்: உள்ளே விலகி விலகியும், தோலை ஒட்டி நெருங்கி நெருங்கியும். இழுவிசை மிகுந்த இடம் வில்லின் முதுகின் வெளிப்புறம். மூங்கிலில் வலு மிகுந்த இடமும் அதுவே. அதனால் வெளிப்பக்கத்தில் பச்சைத் தோலை மட்டும் சுரண்டிவிட்டு, உள்பக்கத்திலிருந்துதான் 3 மில்லிமீட்டர் வரை இழைக்க வேண்டும். கணுவைச் சீவித் தட்டையாக்கக் கூடாது. மூங்கில் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் வயிற்றை நசுக்கிவிடும். ஆகவே முதுகுப் பக்கத்தை வயிற்றைவிடச் சற்று ஒடுக்கமாக இழைப்பார்கள். நடுத்தளம் வயிற்றை நோக்கி நகர்ந்து, வயிறு நசுங்குவது குறையும்.

கடைசி வேலை, வில்லின் இரு கைகளையும் சமமாக வளைய வைப்பது. சுவரில் அறைந்த கட்டையில் பிடியை வைத்து, கப்பி வழியாக நாணை இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே கத்தி படக்கூடாது. விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் சுரண்டல். மும்மடிக் கணக்கு நினைவிருக்கட்டும்: இரண்டு சுரண்டலுக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அதிகமல்ல. முனைகளை ஒடுக்கமாக விடுங்கள். அம்பை விட்டதும் அதிக வேகத்தில் பாய்வது முனைகள்தான், அங்குள்ள ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்னும்.

15 கிலோ இழுப்புள்ள வில்லை அரை மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 37 ஜூல் ஆற்றல் சேரும். அதில் அறுபது சதவிகிதம் 25 கிராம் அம்புக்குப் போனால் நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் பறக்கும். மீதி வில்லிலேயே அதிர்வாக அடங்கும். அம்பில்லாமல் நாணை விட்டால் அந்த 37 ஜூலும் வில்லின் மேலேயே திரும்பும். நன்றாகச் செய்த வில்லும் ஒரே அடியில் பிளந்துவிடலாம். வில்லைக் கையில் வாங்கும் விருந்தினர்கள் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான், எனவே கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, மழைக்காலத்தில் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.