செம்பெயர்ச்சி: ‘சிவப்பு மாற்றம்’ ஏன் பொருந்தாது?

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஒரு பழம் விண்மீன் திரளைக் கண்டுபிடித்தால் போதும், தமிழ்ச் செய்திகளில் ரெட்ஷிஃப்ட் என்பதற்கு ‘சிவப்பு மாற்றம்’ தலைகாட்டிவிடும். ஆட்சி மாற்றம் என்றால் மாறுவது ஆட்சி. நிறமாற்றம் என்றால் மாறுவது நிறம். அந்தக் கணக்கில் சிவப்பு மாற்றம் என்றால் சிவப்பு மாறுகிறது என்றாகும். படிப்பவரோ திரளே சிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டுமே தவறு.

ஆங்கிலத்தின் ரெட்ஷிஃப்ட், நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பட்டையைப் பார்த்துப் பிறந்த சொல். அதில் அணுக்கள் பதிக்கும் கோடுகள் தமக்குரிய இடத்தைவிட்டுச் சிவப்பு முனைப்பக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பெயர்; நீல முனைப்பக்கம் தள்ளியிருந்தால் புளூஷிஃப்ட். 1912இல் அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆந்திரமேடாத் திரளில் முதலில் அளந்தது பின்னதைத்தான்: அத்திரள் நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது.

தமிழில் செம் + பெயர்ச்சி. செம்மண், செம்பருத்தியில் போலச் ‘செம்’ அடைமொழி. பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு நீங்குதல். குருப்பெயர்ச்சியில் குரு வேறொன்றாக ஆவதில்லை, இடம்தான் வேறு. நிறமாலைக் கோட்டுக்கும் அதே நிலைதான். அது எந்த அணுவின் கோடோ அந்த அணுவின் கோடாகவே இருக்கிறது, கிடக்கும் இடம் மட்டும் பெயர்ந்துவிட்டது. அப்படி இருப்பதால்தான் கோட்டை அடையாளம் கண்டு பெயர்ச்சியை அளக்கவே முடிகிறது. ‘மாற்றம்’ இந்த அடிப்படையையே அழித்துவிடுகிறது.

ஒரு திரளை எடுத்துக்கொள்வோம். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 2024இல் அறிவிக்கப்பட்டது. சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்சிஜன் கோட்டை வைத்து அதன் செம்பெயர்ச்சியை 14.18 என்று உறுதிசெய்தது. ஹைட்ரஜனின் லைமன் ஆல்பா ஒளி புறப்படும்போது 121.6 நானோமீட்டர், அதாவது புற ஊதா. நம்மை அடையும்போது அந்த அலைநீளம் ஏறத்தாழ 1846 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 700 நானோமீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. புறப்பாட்டிலும் சிவப்பு இல்லை, வருகையிலும் இல்லை. 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை பெயரும்போது சிவப்பைவிட்டு இன்னும் விலகியே போகிறது. ‘செம்’ என்பது திசைக்கு வைத்த அடையாளம் மட்டுமே.

‘செந்நகர்வு’ என்பாரும் உண்டு. மோசமில்லை. ஆனால் நகர்வு என்றதும் திரள் ஊர்ந்துபோகும் காட்சிதான் மனதில் எழுகிறது. இவ்வளவு தொலைவில் பெயர்ச்சிக்குக் காரணம் விண்வெளியே விரிந்து அலையை நீட்டியது. மேலும் இடப்பெயர்ச்சி என்று இயற்பியல் பாடத்தில் படித்த பிள்ளைக்குப் பெயர்ச்சி புதிதல்ல.

சொல் பிசகினால் கண்டுபிடிக்கும் முறையும் புரியாமல் போகிறது. ‘சிவப்பான திரள்களைத் தேடுகிறார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் தேடுவது காணாமற்போதலை. இடையிலுள்ள ஹைட்ரஜன் லைமன் ஆல்பாவைவிடக் குறைந்த அலைநீளத்தை விழுங்கிவிடுவதால், 1.5 மைக்ரோமீட்டர் ஒளி வடிகட்டியில் எடுத்த படத்தில் மேற்சொன்ன திரள் இருக்காது, 2.77இல் பளிச்சென்று இருக்கும். தூசு படிந்த அண்மைத் திரளும் இப்படி ஏமாற்றும். சியர்ஸ்-93316 என்ற திரளுக்கு 2022இல் செம்பெயர்ச்சியை 16க்கு மேல் மதிப்பிட்டார்கள். நிறமாலை எடுத்ததும் 4.9 என்று இறங்கியது. அதனால் வடிகட்டி மதிப்பீட்டை ‘உறுதி’ என்று மொழிபெயர்ப்பதும் பிழை.

எண்ணிலும் ஒரு திருத்தம் தேவை. செம்பெயர்ச்சி 14.18 என்றால் அலைநீளம் ‘14 மடங்கு’ ஆனது என்று எழுதக் கூடாது. அந்த எண் கூடிய பங்கை மட்டும் சொல்கிறது. பழைய நீளமான ஒன்றைச் சேர்த்தால் 15.18 மடங்கு. ஒளி பயணித்த காலம் சுமார் 1350 கோடி ஆண்டுகள். பில்லியனைக் கோடியாக்கும்போது நூறால் பெருக்க மறந்து ‘13.5 கோடி’ என்று போட்டால், அது டைனோசர்கள் உலவிய காலம்.