வெட்டினால் துளிர்க்காத வரைக்கமுகு

வரை என்றால் மலை. மலையில் வளரும் கமுகு என்பதால் அதற்கு வரைக்கமுகு என்று பெயர். தோட்டத்துப் பாக்கு மரத்தின் சாயல்தான். மெலிந்த தண்டு, உச்சியில் மட்டைகள். பாளை விரிந்தால் பூங்கொத்து செக்கச்செவேலென்று தொங்கும். தாவரக் கணக்கெடுப்புக்காகக் களக்காடு, அகத்தியமலைப் பகுதிகளில் ஏறி இறங்குகிறவன் நான். ஆயிரம் மீட்டருக்கு மேலே, பசுமைமாறாக் காட்டில், இந்த மரத்தைப் பெரும்பாலும் தொலைநோக்கியில்தான் பார்த்திருக்கிறேன். கால் வைக்க முடியாத பாறைச் சரிவுகளில் நிற்கிறது.

பாறைதான் அதற்குப் பிடித்த இடம் என்று முதலில் நானும் நினைத்தேன். ஒரு மழைக்காலத்தில், சரிவுக்குக் கீழே சமமான இடத்தில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. தண்டு நாராகக் கிழிந்திருந்தது, குருத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் தண்ணீர் தேங்கிய யானைத் தடம். உடன் வந்த காணிப் பழங்குடிப் பெரியவர் அதைக் காட்டி, எட்டுகிற இடத்தில் நின்றால் யானை விடாது என்றார். பாறையில் நிற்பவை தப்பிப் பிழைத்தவை.

யானை உண்பது காட்டின் வழக்கம். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு ஒரு காலத்தில் காடு பரந்திருந்தது. தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலைகள் திருத்தப்பட்ட பிறகு, மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளில் ஒவ்வொரு மரமும் கணக்கில் வருகிறது. வெட்டிய வேம்பு துளிர்க்கும். வரைக்கமுகுக்கு இருப்பது ஒரே குருத்து. அதைக் கிள்ளினால் மரமே போயிற்று. தின்னவென்று மனிதர்களும் அதை வெட்டியதுண்டு.

உலகில் இது இயற்கையாக வளர்வது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். ஆங்கிலேய ஆளுநர் பெண்டிங்க் பிரபுவின் பெயர் தாங்கிய இதன் பேரினத்தில் இருப்பவை இரண்டே இனங்கள். மற்றொன்று நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் உலகச் செம்பட்டியலில் நம்முடையது அழிவாய்ப்பு இனம்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு கன்று கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மலையிலிருந்து பிடுங்கிய கன்று சமவெளி வெயிலில் தழைத்து நான் பார்த்ததில்லை. காட்டுக்கு மட்டும் ஒன்று குறைந்துவிடும். மலையேற்றத்தில் இந்த மரத்தைக் கண்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாமல் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். அடியில் முழங்கால் உயரக் கன்றுகள் நின்றால் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த எண்தான் வேண்டும்.